பள்ளிக் கவுன்சலிங் அறை: பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிச் சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் சில பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, மனச்சுமையைச் சமாளிக்கும் திறன்களுக்கான வகுப்பு எடுக்கிறேன். தனியாகப் பேச வேண்டியவர்களோடு தனியாகவும் உட்காருகிறேன். பெற்றோர் கூட்டத்தில் 'கேள்வி இருக்கிறதா' என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, வண்டி நிறுத்தும் இடத்தில்தான் கேள்விகள் வரும். அப்படி அடிக்கடி வருபவை இவை. அவசரமாக உதவி தேவைப்படுகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

எங்கள் பையனை மட்டும் ஏன் கூப்பிட்டீர்கள்? என்ன தப்பு செய்தான்?

தப்பு செய்தவர்களைக் கூப்பிடும் அறை எச்.எம். அறை. இது வேறு.

எங்கள் வேலை இரண்டு வகை. ஒன்று, வகுப்பு முழுவதற்கும் நடத்துவது. அதில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பார்கள். இன்னொன்று, சிலருக்கு மட்டும் கூடுதலாக, சின்னக் குழுவாகவோ தனியாகவோ நடத்துவது. இரண்டாவதில் யாரைச் சேர்ப்பது என்பதை மார்க்கை வைத்து முடிவு செய்வதில்லை. திடீரென்று லீவு கூடுவது, மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி எடுத்துப்போவது, கூட்டாளிகளை விட்டு ஒதுங்குவது, எந்நேரமும் தூக்கக் கலக்கம், கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருப்பது, ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கைகலப்பு. இப்படிப்பட்ட மாற்றங்களைத்தான் பார்க்கிறோம். அதோடு வீட்டு நிலவரமும் சேரும். அப்பா இறந்திருக்கலாம், வீட்டில் குடி இருக்கலாம், பெற்றோர் பிரிந்திருக்கலாம், பள்ளி விட்டதும் பிள்ளை வேலைக்குப் போகலாம்.

இந்த ஊருக்கே உரிய ஒன்றும் உண்டு. கூவம், அடையாறு கரையோரம் இருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது, பல பிள்ளைகள் பழைய பள்ளியை விடவில்லை. பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் முதல் பீரியட் பாதி முடிந்திருக்கும். லேட்டாக வந்ததற்காக வெளியே நிற்க வைப்பார்கள். அந்தப் பிள்ளையிடம் 'நேரத்துக்கு வா' என்று சொல்வதற்கு முன்னால் 'காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாய், என்ன சாப்பிட்டாய்' என்று கேட்க ஒருவர் வேண்டும்.

சத்தம் போடாத பிள்ளைகள்தான் சுலபமாக எங்கள் கண்ணில் படாமல் போய்விடுகிறார்கள். கலாட்டா பண்ணும் பையன் பெயரை எல்லா ஆசிரியரும் சொல்லிவிடுவார்கள். முதல் மூன்று ரேங்குக்குள் இருந்துகொண்டு ராத்திரி போர்வைக்குள் அழும் பெண்ணின் பெயரை யாரும் சொல்வதில்லை.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லித் தருகிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைச் சொல்கிறது. தன்னை அறிவது, அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, முடிவெடுப்பது, சிக்கலைத் தீர்ப்பது, உணர்ச்சியையும் அழுத்தத்தையும் சமாளிப்பது என்று போகும். பத்தையும் போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் அழகாக நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு சரி. அதனால் சிலவற்றில் மட்டும் நேரம் செலவிடுகிறேன்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துச் சொல்லப் பழக்குவது. எதற்கெடுத்தாலும் 'கடுப்பாகுது' என்று சொல்லும் பையனுக்குள் பயம் இருக்கலாம், அவமானம் இருக்கலாம், வெறும் பசியும் இருக்கலாம். எது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும்.

அடுத்தது உடம்பு. கோபமோ பதற்றமோ தலைக்கேறியிருக்கும்போது புத்திமதி காதில் ஏறாது. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுவது, முகத்தில் குளிர்ந்த நீர் அடிப்பது, அந்த இடத்தை விட்டு நடந்துவிடுவது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு நிஜமாகவே குறைகிறது. சும்மா இருக்கும்போது பல தடவை செய்து பழகியிருந்தால்தான் சண்டை நேரத்தில் ஞாபகம் வரும். அதனால் ஒவ்வொரு வகுப்பையும் அதிலேதான் ஆரம்பிக்கிறேன். முதல் வாரம் எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, சிக்கலைத் துண்டு போடுவது. ஒரு பெண் வந்து 'எனக்கு ஸ்கூலே பிடிக்கல, நான் நின்னுடறேன்' என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'அப்படியெல்லாம் சொல்லக் கூடாது' என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. எந்தக் கிழமை ரொம்பப் பிடிக்கவில்லை என்று கேட்டால் செவ்வாய் என்பாள். செவ்வாய்க்கிழமை பிசிக்ஸ் லேப். ரெக்கார்ட் நோட்டு மூன்று வாரமாக எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அம்மைக்காக லீவு எடுத்தபோது நடந்த சோதனைகள் அவை. யாரிடம் நோட்டு கேட்பது என்று தெரியவில்லை. இருந்த ஒரே தோழியோடும் பேச்சு இல்லை. இப்போது 'ஸ்கூலே பிடிக்கல' என்ற மலை, யாரிடம் ரெக்கார்ட் நோட்டு வாங்குவது என்ற அளவுக்கு வந்துவிட்டது. வழிகளை அவளே எழுத வேண்டும், நான் எழுதித் தரக் கூடாது. பக்கத்து செக்ஷனில் கேட்கலாம், லேப் ஆசிரியரிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம், தோழிக்கு ஒரு மெசேஜ் போடலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்துவிட்டு, அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். பலிக்கவில்லையா, அடுத்த வழி.

இது நான் கண்டுபிடித்ததல்ல. டெல்லியில் ஆறு அரசுப் பள்ளிகளில் இதே மாதிரி, பிரச்சனை, வழிகள், செய்து பார் என்ற மூன்று படிகளை வைத்து ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். புத்தகம் மட்டும் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைவிட, புத்தகத்தோடு ஓர் ஆளும் உட்கார்ந்து பேசிய பிள்ளைகளுக்குத் தங்கள் பிரச்சனையின் கனம் அதிகம் குறைந்தது. மனநல அறிகுறிகளில் மட்டும் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, மறுப்பதும் உதவி கேட்பதும். இதை நடித்துத்தான் பழக முடியும். 'ஒரு தடவை வச்சுப் பாருடா' என்று ஒருவன் புகையிலையை நீட்டி வற்புறுத்த, இன்னொருவன் நட்பும் கெடாமல் நழுவ வேண்டும். பையன்கள் இதில் காட்டும் சாமர்த்தியம் அபாரம். பெரியவர்கள் கற்றுக்கொள்ளலாம்.

ஒரு நல்ல மோட்டிவேஷன் பேச்சாளரைக் கூப்பிட்டு ஒரு நாள் பேச வைத்தால் போதாதா?

போதாது. அன்று மதியம் கை தட்டுவார்கள், சிலர் அழவும் அழுவார்கள். மறுநாள் அதே பள்ளி, அதே வீடு, அதே ரிவிஷன் டெஸ்ட். 'என் அம்மா பட்ட கஷ்டத்தை நினைத்துப் பார்த்தேன், ஜெயித்தேன்' வகைப் பேச்சைக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் இருக்கும் பிள்ளைகள் இன்னும் சுருங்கிப்போவதைப் பார்க்கிறேன்.

சரி, இதெல்லாம் உண்மையிலேயே பலன் தருமா?

சில தரும், சில தராது. எல்லாம் தரும் என்று சொல்பவரிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

ஐரோப்பாவில் பத்து நாடுகளில் 168 பள்ளிகள், 11,110 மாணவர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஒரு குழுவில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி, ஆபத்திலிருக்கும் பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று. இன்னொரு குழுவில் வினாத்தாள் மூலம் பிள்ளைகளைச் சலித்தெடுத்து மருத்துவரிடம் அனுப்பினார்கள். மூன்றாவதில் பிள்ளைகளோடேயே நேரடியாக நாடகம், உரையாடல், சுவரொட்டி, ஒரு சிறு கையேடு என்று நான்கு வாரங்களில் மொத்தம் ஐந்து மணி நேரம் செலவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், மூன்றாவது குழுவில் தற்கொலை முயற்சிகள் ஒப்பீட்டுக் குழுவில் இருந்ததில் ஏறக்குறைய பாதி. மற்ற இரண்டு முறைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நம் நாட்டு உதாரணம் பீகாரில் இருக்கிறது. நாளந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். ஒரே திட்டம், சில பள்ளிகளில் அதை நடத்தியவர் அந்தப் பள்ளி ஆசிரியர், வேறு சிலவற்றில் இதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்திய, மனநலப் பட்டம் இல்லாத சாதாரண இளைஞர். இளைஞர் நடத்திய பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, கேலியும் அடிதடியும் குறைந்தன, பள்ளியின் சூழலே நல்லது என்று பிள்ளைகள் சொன்னார்கள். ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் பெரிய மாற்றம் இல்லை. இதுவும் லான்செட்டில் 2018இல் வெளியானது. அந்தத் திட்டத்தில் தனி ஆலோசனை ஒரு பகுதிதான். காலை வழிபாட்டுக் கூட்டம், சுவர்ப் பத்திரிகை, பிள்ளைகள் சீட்டு எழுதிப் போட ஒரு பெட்டி என்று பள்ளி முழுவதையும் தொட்டார்கள்.

எதிர் உதாரணம் இங்கிலாந்து. 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு தியானம் கலந்த மனப்பயிற்சி கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதலாகப் பலன் இல்லை. பல பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. எல்லாப் பள்ளியிலும் காலையில் பத்து நிமிடம் கண்ணை மூட வைத்துவிட்டு 'எங்களிடம் மனநலத் திட்டம் இருக்கிறது' என்று பிராஸ்பெக்டஸில் போடுபவர்களுக்கு இதைக் காட்ட ஆசை.

ஐரோப்பாவின் முடிவு அப்படியே வியாசர்பாடிக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைப் பேச வைப்பதும், அவன் மறுபடி போய்ப் பார்க்க ஒருவர் அங்கே இருப்பதும்தான் பலன் தருகிறது என்பது இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. திறன் வகுப்பை மட்டும் நடத்திவிட்டு ஆளை வைக்காத பள்ளி பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது.

வகுப்பாசிரியரே கவுன்சலராக இருந்தால் செலவு மிச்சம்தானே?

2020 பிப்ரவரியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்படி, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து நலத் தூதுவர்களாக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆரம்பக் கட்ட உதவிக்கு. ஆனால் அதே ஆசிரியர்தான் இன்டெர்னல் மார்க் போடுகிறார், தேர்தல் வேலைக்குப் போகிறார், எமிஸ் என்ற கல்வித் துறைத் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றுகிறார், போர்ஷனை முடிக்கிறார். தனக்கு மார்க் போடுபவரிடம் போய் எந்தப் பிள்ளை 'எங்க அப்பா நேத்து அம்மாவை அடிச்சார்' என்று சொல்லும்? சில பிள்ளைகள் சொல்வார்கள்; அப்படிப்பட்ட தமிழ் மிஸ், பி.டி. சார் எல்லாப் பள்ளியிலும் ஒருவராவது உண்டு. அவர்கள் தங்கமானவர்கள். அவர்களுக்குச் சம்பளமும் கூடுவதில்லை, பீரியடும் குறைவதில்லை. ஒரு வருடத்தில் களைத்துப்போய்விடுகிறார்கள்.

ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும், கவுன்சலர் உட்கார்ந்து கேட்க வேண்டும். இரண்டும் ஒரே தலையில் விழக் கூடாது.

அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று பெற்ற தாயான என்னிடமே சொல்ல மாட்டேன் என்கிறீர்களே?

வருத்தம் புரிகிறது. சொல்லிவிட்டால் நாளையிலிருந்து அவள் என்னிடமும் பேச மாட்டாள், உங்களிடமும் பேச மாட்டாள். அதுதான் காரணம்.

எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்பதை முதல் நாளே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறேன். தோழியோடு சண்டை, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது, உங்கள் மேல் கோபம், இவையெல்லாம் என்னோடு இருக்கும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் ஆபத்து, இன்னொருவரைக் காயப்படுத்தும் ஆபத்து, யாராவது அவளைத் துன்புறுத்துவது, இவற்றை மறைக்க மாட்டேன். அப்போதும் அவளுக்குத் தெரியாமல் சொல்ல மாட்டேன். 'அம்மாவிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா, இரண்டு பேரும் சேர்ந்து சொல்வோமா' என்று கேட்டுவிட்டே செய்வேன்.

பாலியல் குற்றம் என்றால் எனக்கு வேறு வழியே கிடையாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு அப்படி நடந்தது தெரிந்தால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் தண்டனை உண்டு. பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நாமே பேசி முடித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் சொன்னால் அது சட்டப்படியே குற்றம். இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பதினேழு வயதுப் பெண்ணும் பதினெட்டரை வயதுப் பையனும் விரும்பிப் பழகினாலும் சட்டம் அந்தச் சம்மதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் காதல் விவகாரங்களைச் சொல்லப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், உதவி தேவைப்படும் நேரத்திலும்.

தற்கொலையைப் பற்றி நாமே கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது போல ஆகிவிடாதா?

ஆகாது. இந்தப் பயம் பெற்றோருக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் உண்டு. நேரடியாகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 'அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே' என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் முகத்தில் தெரியும்.

எப்படிக் கேட்பது? டிவியை நிறுத்துங்கள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், அல்லது மொட்டை மாடிக்கு அழைத்துப்போங்கள். 'கொஞ்ச நாளா நீ சரியா சாப்பிடல, தூங்கல, எனக்குக் கவலையா இருக்கு. உயிரோட இருக்க வேண்டாம்னு எப்பவாவது தோணுதா?' என்று தெளிவாகவே கேளுங்கள். 'அந்த மாதிரி எல்லாம் யோசிக்கலல்ல?' என்று கேட்டால் பிள்ளை 'இல்ல' என்றுதான் சொல்லும். நீங்கள் எதிர்பார்க்கும் பதில் கேள்வியிலேயே இருக்கிறது.

'ஆமாம்' என்று சொன்னால் திட்டாதீர்கள், அழாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். 'சொன்னது நல்லது' என்று சொல்லிவிட்டு, அன்று தனியாக விடாதீர்கள். ஆபத்து விளைவிக்கக்கூடியவை வீட்டில் கைக்கெட்டாமல் இருக்கட்டும். தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அன்றே மருத்துவமனைக்குப் போகலாம், அல்லது 14416க்கோ, அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கோ கூப்பிடலாம். 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையமும் இருக்கிறது, எண் 044-24640050. அங்கே கேட்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள்.

ஏற்கெனவே முயற்சி செய்த பிள்ளை என்றால், போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது.

ரிசல்ட் வரும் நாளில் என்ன செய்வது?

ஒருவர் வீட்டில் இருங்கள். லீவு போட முடியாவிட்டால் பிள்ளையைச் சித்தி வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ விடுங்கள். ரிசல்ட் வரும்போது தனியாக இருக்கக் கூடாது. சொந்தக்காரர்களின் போனை அன்று நீங்களே எடுங்கள். 'எவ்வளவு மார்க்?' என்ற கேள்விக்கு 'சாயங்காலம் சொல்றோம்' என்பது முழுமையான பதில்.

முந்தின வாரமே பேசிவிடுங்கள்: பெயிலானால் என்ன செய்வோம், எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் என்ன செய்வோம் என்று. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் தவறியவர்கள் அதே வருடம் துணைத் தேர்வு எழுதலாம், வருடம் வீணாவதில்லை. பிளஸ் டூவில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். இது தெரியாமலேயே பரீட்சை எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அரசு 2017இலேயே மாநில ரேங்க் அறிவிப்பை நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளி வாசலில் போட்டோ போட்டு பேனர் கட்டுவது நின்றபாடில்லை. பேனரில் இல்லாத பிள்ளைகளும் அந்த வாசல் வழியாகத்தான் டி.சி. வாங்க வர வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

பையில் கூல் லிப் இருந்தது. பள்ளியில் சொன்னால் டி.சி. கொடுத்துவிடுவார்களோ?

சில பள்ளிகள் கொடுக்கின்றன. செய்யக் கூடாத வேலை அதுதான். பள்ளியை விட்டு வெளியே போனவனுக்கு நாள் முழுக்கப் பொழுது இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், கவனிக்க ஆள் இல்லை.

கூல் லிப் புகையிலைதான். உதட்டுக்குள் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், புகையும் நாற்றமும் இல்லாததால் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மிட்டாய் மாதிரி என்று ஆரம்பித்து, நிக்கோட்டின் பழகியபின் இல்லாவிட்டால் எரிச்சல், கவனமின்மை. முதலில் எதற்காக என்று கேளுங்கள். தூக்கம் வராமல் இருக்கவா, கெத்துக்காகவா, அண்ணன்கள் கொடுத்ததாலா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. கஞ்சாவோ மாத்திரையோ என்று சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மனநல மருத்துவரிடம் போங்கள். அடையாறு இந்திரா நகரில் இயங்கும் டி.டி.கே. மருத்துவமனை போதை மீட்புக்கென்றே உள்ளது. பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம். பெட்டிக்கடை மேல் புகார் கொடுப்பதைப் பெற்றோர் சங்கமே செய்யலாம். அதைப் பிள்ளை தலையில் கட்டாதீர்கள்.

போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

ராத்திரி எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். பிடுங்குவதைவிட இது நடக்கக்கூடியது. போனில் யாராவது படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்றால் அது போன் பிரச்சனையே அல்ல. 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், ஆதாரத்தை அழிக்காதீர்கள், 'போன் கொடுத்ததே தப்பு' என்று அந்த நேரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

கவுன்சலிங் போனால் 'மெண்டல்' என்று பெயர் வந்துவிடாதா? மாத்திரை கொடுத்துவிடுவார்களா?

மாத்திரை கொடுக்கும் அதிகாரம் கவுன்சலருக்குக் கிடையாது. மருத்துவருக்குத்தான் உண்டு. அவரும் எல்லாருக்கும் எழுதுவதில்லை.

பெயர் வருவது உண்மையான கவலை. அதனால்தான் அறை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஸ்டாஃப் ரூமை ஒட்டி, உள்ளே யார் என்று எல்லாரும் பார்க்கும் இடத்தில் வைத்தால் ஒரு பையனும் வர மாட்டான். நூலகத்துக்குள் ஒரு மூலை கிடைத்தால் போதும். வகுப்பு நடுவே 'கவுன்சலர் கூப்பிடறாங்க' என்று மைக்கில் சொல்லக் கூடாது. பையன்களை உட்கார வைத்துப் பேசு என்றால் பேச மாட்டார்கள். கேரம் போர்டு முன்னால், மைதானத்தைச் சுற்றி நடக்கும்போது பேசுவார்கள்.

மாங்காட்டுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறோம், தர்காவிலும் ஓதிவிட்டு வந்தோம். அது போதாதா?

போய் வாருங்கள். மனசுக்குத் தெம்பாக இருக்கும். மருத்துவர் கொடுத்ததை மட்டும் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

காசில்லாமல் எங்கே காட்டலாம்?

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றதும் முகம் மாறிவிடுகிறது பலருக்கு. சினிமா செய்த வேலை. பிடிக்காவிட்டால் பொது மருத்துவமனையிலேயே மனநலப் புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்கலாம். காலையிலேயே போங்கள், வரிசை இருக்கும். பிள்ளையின் பள்ளி நாட்குறிப்பு, பழைய மருத்துவச் சீட்டு கையோடு இருக்கட்டும்.

போனில் என்றால் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. பிள்ளையே கூப்பிடலாம், பெற்றோர் அனுமதி கேட்க மாட்டார்கள். பிள்ளைக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் 1098. பள்ளி தொடர்பான எதற்கும் கல்வித் துறையின் 14417.

எங்கள் பள்ளியில் கவுன்சலரே இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

எழுத்தில் கேளுங்கள். 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் நாடு முழுவதற்கும் வழிகாட்டுதல்கள் கொடுத்திருக்கிறது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கும் நிறுவனங்களில் குறைந்தது ஒரு தகுதி பெற்ற கவுன்சலரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். சிறிய பள்ளி என்றால் வெளியே ஒருவரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர்கள் எல்லாருக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி. மார்க் அடிப்படையில் பிள்ளைகளைப் பிரித்து வைப்பதையும் எல்லார் முன்பும் அவமானப்படுத்துவதையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். 'படிக்கிற செக்ஷன்', 'சுமார் செக்ஷன்' என்று வைத்திருக்கும் பள்ளிகள் இதைப் படித்தாக வேண்டும்.

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மானமாகவே போடச் சொல்லலாம். 2021இல் வந்த அரசு உத்தரவின்படி ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, யார் திறக்கிறார்கள் என்றும் கேளுங்கள். ஒரு பள்ளியில் அது எச்.எம். அறைக்குள் பீரோ மேல் இருந்தது.

தனியார் பள்ளியில் கேட்டால் 'எங்களிடம் கவுன்சலர் இருக்கிறார்' என்ற பதில் வரும். வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், மற்ற நேரம் அவருக்கு அட்மிஷன் வேலை கொடுக்கிறீர்களா, பிள்ளை தானாகவே போய்ப் பார்க்க முடியுமா அல்லது வகுப்பாசிரியர் சீட்டு எழுதித் தர வேண்டுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை அங்கேயே, அவர்கள் முன்னால், ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.